அம்மா முடிந்து வைத்த காசு: குலசை முத்தாரம்மன் சந்நிதியில்

அம்மா முடிந்து வைத்த காசு இரண்டரை வருஷமாக எங்கள் பூஜை அலமாரியில் இருந்தது. மஞ்சள் துணிக்குள் ஓர் ஐந்து ரூபாய் நாணயம், மேலே மூன்று முடிச்சு. சின்னவனுக்கு மூன்று வயதில் அம்மை முத்து போட்டபோது வேப்பிலைப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா முடிந்தது அது. அவனுக்கு இமை ஓரத்தில்கூட ஒன்று வந்திருந்தது. "தாயே முத்தாரம்மா, நீ போட்ட முத்தை நீயே இறக்கிரு. பிள்ளைக்கு முருகன் வேஷம் கட்டி, நம்ம தெருவுல காணிக்கை எடுத்து உன் உண்டியல்ல கொண்டாந்து போடுதேன்" என்று அவள் வாய்விட்டுச் சொன்னதை அடுப்படியில் நின்று கேட்டேன். ஒன்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் விட்டோம். கண்ணுக்கு ஒரு குறையும் வரவில்லை. நெற்றியில் மட்டும் ஒரு தழும்பு.

அந்த வருஷத் தசராவுக்கு அம்மாவால் எழுந்து நடக்க முடியவில்லை. தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். தலைத்திவசம் முடியட்டும் என்று காத்திருந்து, காலாண்டு விடுமுறை விட்டதும் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு குலசைக்குக் கிளம்பினோம்.

குலசை என்கிற குலசேகரப்பட்டினம்தான் நான் பிறந்த ஊர். எனக்குப் பதினோரு வயதில் அப்பா வீட்டை விற்றுச் சென்னையில் மளிகைக்கடை வைத்தார். அதற்கப்புறம் தசரா சூரசம்ஹாரத்துக்கு இரண்டொரு முறை வந்து கூட்டத்தோடு கூட்டமாகத் திரும்பியிருக்கிறேன். எங்கள் தெருப்பக்கம் மட்டும் போனதே இல்லை. போக மனசு வரவில்லை. அம்மா வேண்டுதலில் 'நம்ம தெரு' என்று சொல்லி வைத்துவிட்டாள், இனி எப்படிப் போகாமல் இருப்பது?

செந்தூர் எக்ஸ்பிரஸில் திருச்செந்தூர் வந்து இறங்கி, முருகனிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தோம். கல்லாமொழி அனல்மின் நிலையத்தைத் தாண்டியதும் பனைகளுக்கு நடுவே கடல் தெரிந்தது. "அம்மா, இதுதான் உன் கடலா?" என்று எட்டு வயது மகள் கேட்டாள். ஆமாம் என்று தலையைத்தான் ஆட்ட முடிந்தது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளத்தைப் பற்றி ஆட்டோக்காரர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். என் தாத்தா எனக்குச் சொன்னது ரயில் கதை. 1915 முதல் 1940 வரை திருச்செந்தூரிலிருந்து இந்த ஊர் வழியாகத் திசையன்விளைக்கு ஒரு சின்ன ரயில் ஓடியது. தாத்தா சிறுவனாக அதன் பின்னாலேயே ஓடியிருக்கிறார். என் பிள்ளைகள் ராக்கெட் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

சிதம்பரேஸ்வரர் கோவில் முன்னால் கடலில் முங்கி எழுந்து, செவ்வாடை உடுத்தி, கோவிலில் விரதக் காப்பு வாங்கிக் கட்டிக்கொண்டோம். தங்கியது உடன்குடியில் சித்தி வீட்டில். மூன்று நாளும் சித்தி எனக்கு ஒருவேளைப் பச்சரிசிச் சோறும் பிள்ளைகளுக்குச் சில்லுக்கருப்பட்டியுமாகப் போட்டுப் பார்த்துக்கொண்டாள். சாயந்தரங்களில் அம்மனின் வீதியுலா. தசராவின் எட்டாம் நாள் கமல வாகனத்தில் கஜலட்சுமி, ஒன்பதாம் நாள் அன்ன வாகனத்தில் கலைமகள். அந்த இரண்டு கோலமும் சின்ன வயதில் எனக்கு மிகவும் பிடித்தவை.

பத்தாம் நாள் காலையில் சின்னவனுக்கு வேஷம் கட்டினோம். பச்சை ஜிகினாச் சட்டை, தகர வேல், மயிலிறகு செருகிய அட்டைக் கிரீடம். கிரீடத்தின் விளிம்பு சரியாக அந்த முத்துத் தழும்பில் போய் உட்கார்ந்தது. வலிக்கிறது என்று அழுதான். சித்தி கொஞ்சம் பஞ்சை வைத்து, "ஏல மக்கா, செந்தூர் முருகன் அழுவானா?" என்று தடவிக் கொடுத்துக் கட்டிவிட்டாள்.

தெருவில் இறங்கினால் தாரை தப்பட்டைச் சத்தத்தில் காது அடைக்கிறது. குறவன் குறத்தி, குரங்கு, போலீஸ், பிச்சைக்காரர், வரிசையாகக் காளிகள். காளியைப் பார்த்தாலே சின்னவன் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அப்படியே ஒவ்வொரு வாசலாகத் தட்டை நீட்டி, "அம்மனுக்குக் காணிக்கை" என்று அக்கா சொல்ல, பின்னாலேயே இவனும் சொன்னான். ஆறு வீடு ஆயிற்று. ஏழாவது எங்கள் வீடு.

திண்ணை இல்லை. அந்த இடத்தில் கம்பிக் கதவு. வாசல் வேம்பு மட்டும் மாடி உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. எத்தனை தடவை அந்த நிலைப்படியில் உட்கார்ந்து வேஷக்காரர்களின் தட்டில் காசு போட்டிருப்பேன்! இன்றைக்கு அதே வாசலில் தட்டோடு நிற்கிறேன். எனக்கு வாய் எழவில்லை. மகள்தான் கூப்பிட்டாள்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஓர் அம்மா வந்தார்கள். "யாரு வீட்டுப் பிள்ளையளு?" என்றார்கள். "நாங்க முன்னால இந்த வீட்டுலதான்..." என்று தொடங்கினேன், அதற்கு மேல் வரவில்லை. அவர்களுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீரும் மஞ்சளும் கொண்டுவந்து, என் பிள்ளையின் பாதத்தைக் கழுவி, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்துக் கும்பிட்டார்கள். தட்டில் நூற்றியோரு ரூபாய் வைத்தார்கள். "இந்த வேம்பு உங்க அம்மா வச்சதுதானே? இதுல ஒடிச்சுத்தான் இன்னைக்கும் அம்மனுக்குக் கொண்டு போறோம்" என்று ஒரு கொப்பை ஒடித்து அவன் கையில் கொடுத்தார்கள். உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள். காணிக்கை எடுக்கும்போது வாசலோடு நின்றுவிடுவது அம்மாவின் வழக்கம். நானும் உள்ளே போகவில்லை. அந்த அம்மா நன்றாக இருக்கவேண்டும், அவர்கள் குடும்பம் அந்த வேம்பு மாதிரி தழைக்கவேண்டும்.

இனி கூட்டத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். லட்சக்கணக்கில் ஜனம் வரும் திருவிழா என்று தெரிந்துதான் போகிறோம். ஆனாலும் குழந்தையோடு நிற்கிறவளிடம் வந்து, "தலைக்கு ஐநூறு கொடுங்க, பின்வாசல் வழியா விடுதேன்" என்று ஒருவன் கேட்டது இன்னும் நெஞ்சில் குத்துகிறது. நான் மறுத்ததும் அடுத்த குடும்பத்திடம் போய்விட்டான். எலுமிச்சை மாலைக்கு வாய்க்கு வந்த விலை சொல்கிறார்கள். பெண்கள் ஒதுங்க நல்ல இடம் இல்லாமல் வயசுப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. நான்கு மணி நேரம் நின்றோம். வெயிலில் சின்னவனுக்கு வாந்தி வந்துவிட்டது. வரிசையை விட்டு வெளியே போனால் திரும்ப நுழைய முடியாது. முன்னால் நின்ற குறத்தி வேஷக்கார அண்ணாச்சி தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, கூடையால் அவனுக்கு நிழல் பிடித்தபடியே நடந்தார்.

சந்நிதிக்கு வந்தோம். அம்மையும் அப்பனும் ஒரே பீடத்தில் வடக்குப் பார்த்து அமர்ந்திருக்கும் கோலம். நமக்குக் கிடைப்பது நான்கைந்து நொடி. கேட்கவேண்டும் என்று ஊரிலிருந்தே மனசில் அடுக்கிக்கொண்டு வந்த ஒன்றுகூட நினைவில் இல்லை. தீபாராதனை வெளிச்சத்தில் மூக்குத்தி ஒரு தடவை மின்னியது. "அம்மா, வந்துட்டேன்" என்றேன். எந்த அம்மாவிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அதற்குள் தள்ளிவிட்டார்கள்.

தட்டில் சேர்ந்த காணிக்கையோடு உண்டியலுக்கு வந்தோம். அம்மாவின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். துணி இறுகிப்போய் நகம் நுழையவில்லை. சரி, அவள் முடிந்தபடியே போகட்டும் என்று சின்னவன் கையில் கொடுத்தேன். அவனுக்கு எட்டவில்லை. எனக்கோ ஒரு கையில் தட்டு, மறு கையில் மகள். பின்னாலிருந்து நெருக்குகிறார்கள். அப்போது இரண்டு கருநீலக் கை வந்து அவனை அக்குளில் பிடித்துத் தூக்கியது. திரும்பினால் காளி. சடை முடி, வெளியே தொங்கும் நாக்கு, வேர்வையில் வழிந்த சாயம், விரதமிருந்து குழிந்துபோன கண். என் பிள்ளை வீறிடப் போகிறான் என்று நினைத்தேன். "பயப்படாத மக்கா, போடு" என்று ஆண்குரல் ஒன்று கரகரப்பாகச் சொன்னது. அவன் அழவில்லை. காளி முகத்தை ஒரு பார்வை பார்த்தான், வேப்பங்கொப்பை என்னிடம் நீட்டினான், முடிச்சை உள்ளே விட்டான். அவனை இறக்கி விட்டுவிட்டுக் காளி கூட்டத்துக்குள் போய்விட்டது. ஒரு கும்பிடு போடக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

தாயே, வந்தது யார் என்று எனக்குத் தெரியும். யார் என்ன சொன்னாலும் சரி. இமை ஓரத்தில் போட்ட முத்தை எடுத்தவள் நீ, எட்டாத பிள்ளையை எட்ட வைத்ததும் நீதான். அம்மாவின் கடனைத் தீர்க்க என் கையைப் பயன்படுத்தினாயே, அது போதும் எனக்கு.

அன்று நள்ளிரவு, அம்மன் மகிஷாசூரனை வதைக்கும் சூரசம்ஹாரம். கடற்கரையில் வெகுதூரத்தில்தான் இடம் கிடைத்தது. யானை முகம், சிங்க முகம், எருமை என்று சூரன் மாறி மாறி வருவதைத் தன் அப்பா தோளில் உட்கார்ந்து மகள் பார்த்துச் சொன்னாள். சின்னவன் என் மடியில் தூங்கிவிட்டான். சேவல் வந்ததும் "ஓம் காளி, ஜெய் காளி" என்று கரையே எழுந்தது. அந்தச் சத்தத்தில் விழித்து, கண்ணைக்கூடத் திறக்காமல் அவனும் "ஜெய் காளி" என்றான். மறுநாள் காப்புக் களைந்துவிட்டு ரயில் ஏறினோம்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தபோது, ஜிகினாச் சட்டையின் இரண்டு அக்குளிலும் கருநீல விரல் தடம் அப்படியே பதிந்திருந்தது. அந்தச் சட்டையை நான் துவைக்கவில்லை. பூஜை அலமாரியில், அம்மாவின் காசு இருந்த இடத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.