ஃபார்மட் அடிப்பதற்கு முன்

வீடியோ எடிட்டிங் சிஸ்டம் க்ராஷ் ஆகிறது என்று சொன்னால் ஊட்டி, குன்னூர் பக்கம் வரும் முதல் பதில் பெரும்பாலும், "ஃபார்மட் அடிச்சுப் பாத்துடலாம்ணே" என்பதுதான். அதாவது டிஸ்கை அழித்து விண்டோஸை மறுபடி போடுவது. அதில் அரை நாள் போகும். பிளக்இன் லைசென்ஸ் எல்லாம் மறுபடி போட வேண்டும். நாலாம் நாள் அதே க்ராஷ் வந்து நிற்கும். இதைவிடப் பெரிய நஷ்டம், விண்டோஸ் எழுதி வைத்திருந்த க்ராஷ் பதிவுகள் அத்தனையும் அழிந்துபோவது.

அந்தப் பதிவுகளைக் காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, க்ராஷ் ஆன நேரத்துக்கு எதிரே உள்ள எண்ணைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். 41 என்ற எண் மட்டும் இருந்து, உள்ளே பக்செக் கோடு (விண்டோஸ் குறித்துக்கொள்ளும் பிழை எண்) 0 என்று காட்டினால், ஒன்று கரண்ட் அறுந்திருக்கிறது, இல்லை மெஷின் உறைந்து நின்றிருக்கிறது. 4101 என்றால் கிராபிக்ஸ் டிரைவர் நின்றுபோய் மீண்டிருக்கிறது. வீயா லாகர் (WHEA-Logger) என்ற பெயரோடு 18 என்றால் ஹார்டுவேரே புகார் கொடுத்திருக்கிறது. 1000 என்பது சாஃப்ட்வேர் மட்டும் மூடிக்கொண்ட கேஸ். அதில் எந்த மாட்யூலில் (சாஃப்ட்வேரின் உள் ஃபைலில்) பழுது என்று ஒரு பெயர் இருக்கும். ஒவ்வொரு முறையும் அதே பெயர் வந்தால் அந்த பிளக்இன்னையோ டிரைவரையோ பிடிக்கலாம். தடவைக்கு ஒரு பெயர் வந்தால் சந்தேகம் ரேம் மீது போக வேண்டும்.

அடுத்து பார்க்க வேண்டியது, க்ராஷ் டைம்லைனில் ஒரே இடத்தில் வருகிறதா, கண்ட இடத்தில் வருகிறதா என்பது. ஒரே இடம் என்றால் கிளிப்போ எஃபெக்டோ காரணம். ஒரு மணி நேர டைம்லைனில் இன், அவுட் போட்டு முதல் பாதியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அது முடிந்தால் சிக்கல் மறுபாதியில் இருக்கிறது. இப்படி ஆறு முறை பாதியாக்கினால் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். கல்யாண வேலைகளில் கடைசியில் சிக்குவது பெரும்பாலும் உறவினர் போனில் எடுத்து அனுப்பிய வேரியபிள் ஃப்ரேம் ரேட் கிளிப், அதாவது நொடிக்கு இத்தனை ஃப்ரேம் என்ற கணக்கு மாறிக்கொண்டே இருப்பது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் சாஃப்ட்வேரில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட் போட்டு மாற்றிக்கொண்டால் தீர்ந்தது.

மலைக்கே உரிய இன்னொன்று பனிமூட்ட ஃபுட்டேஜ். தொட்டபெட்டாவில் காலையில் எடுத்த ஷாட்டுகளுக்கு மூட்டத்தைக் குறைக்கும் டீஹேஸும், அதன் மேல் பல ஃப்ரேம்களை ஒப்பிட்டுப் புள்ளிகளை நீக்கும் டெம்பரல் நாய்ஸ் ரிடக்ஷனும் போடாமல் இருக்க மாட்டார்கள். 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டில் 4கே டைம்லைனில் இந்த இரண்டும் சேர்ந்தால் கார்டின் மெமரி நிரம்பிவிடும். அந்த ஷாட்டுகளை மட்டும் முதலில் தனியாக ரெண்டர் செய்து (எஃபெக்டோடு சேர்த்துப் புது ஃபைலாக்கி) வைத்துக்கொள்வது, புது கார்டு வாங்குவதைவிட மலிவு.

கண்ட இடத்தில் க்ராஷ் என்றால் கேபினட்டைத் திறக்க வேண்டியதுதான். இங்கே பல சிஸ்டம்கள் கோவையில் அசெம்பிள் ஆகி, மேட்டுப்பாளையம் தாண்டி 14 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகின்றன. கடையில் ரெண்டர் டெஸ்ட் பாஸ் ஆன மெஷின் வீட்டில் படுத்துவிடுவதில் ஆச்சரியமில்லை. கிராபிக்ஸ் கார்டு தன் எடையாலேயே ஸ்லாட்டில் ஒரு பக்கம் தொங்கும். ப்ராசஸர் மேல் உள்ள ஒரு கிலோ கூலர் மதர்போர்டையே அசைக்கும். ரேமையும் கார்டையும் கழற்றி, 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் தங்க நிறக் காண்டாக்டுகளைத் துடைத்து, காய்ந்ததும் திரும்பப் பொருத்துங்கள். மழைக்காலத்தில் கோத்தகிரி ஈரத்துக்கு இதற்கே தனிப் பலன் உண்டு.

அப்புறம் பயாஸில் (மெஷின் ஆன் ஆகும்போது திறக்கும் மதர்போர்டு செட்டிங்கில்), ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை (ஏஎம்டி போர்டு என்றால் எக்ஸ்போவை) அணைத்துவிட்டு ஒரு நாள் வேலை பாருங்கள். க்ராஷ் நின்றுவிட்டால் ரேமின் வேகம்தான் வம்பு. பின்னால் காசு வந்ததும் இன்னும் இரண்டு ரேம் ஸ்டிக் வாங்கிச் செருகியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டில் நாலு டிடிஆர்5 வகை ஸ்டிக்குக்கு ஆரம்பத்தில் ஏஎம்டி சொன்ன வேகமே 3600தான், பெட்டியில் 6000 என்று எழுதியிருந்தாலும். நாலு 16 ஜிபியைவிட இரண்டு 32 ஜிபி நல்லது. அவற்றை ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போட வேண்டும்.

அணைத்தும் நிற்கவில்லையா? ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க நாலு பாஸ் (நாலு சுற்று) ஓடவிடுங்கள். ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் ஃபெயில்தான், "ஒண்ணு ரெண்டு பரவாயில்லை" என்ற பேச்சே கிடையாது. ஃபெயில் ஆனால் ஒவ்வொரு ஸ்டிக்காக ஒரே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். எர்ரர் ஒரு ஸ்டிக்கோடு மட்டும் வந்தால் அந்த ஸ்டிக் போச்சு. எதைப் போட்டாலும் அதே ஸ்லாட்டில் வந்தால் ஸ்லாட்டிலோ ப்ராசஸர் சாக்கெட்டிலோ சிக்கல். ரேம் சுத்தம், ஆனால் ப்ராசஸர் இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7 அல்லது ஐ9 என்றால், 2024 செப்டம்பருக்குப் பிறகு வந்த பயாஸ் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன ப்ராசஸரை அந்த அப்டேட் சரியாக்காது. அதற்காகத்தான் இன்டெல் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது.

சாயங்காலம் மட்டும் படுக்கும் மெஷின் தனி ரகம். ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கு வீடு கீசரும் ஹீட்டரும் ஓடத் தொடங்கி வோல்டேஜ் 190க்கு இறங்கும். 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் நல்ல எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை) இதற்கெல்லாம் அசராது, அசருவது யுபிஎஸ். டக் டக்கென்று ரிலே மாறிக்கொண்டே இருக்கும், அடிக்கடி பேட்டரிக்குத் தாவினால் பேட்டரியும் தீர்ந்துவிடும். போதாக்குறைக்கு, கடையில் "கம்ப்யூட்டர் யுபிஎஸ்" என்று கொடுக்கும் 600 விஏ மாடல் தருவது சுமார் 360 வாட். ரெண்டரில் எடிட்டிங் சிஸ்டம் 450 வாட் சாதாரணமாக இழுக்கும். கரண்ட் போகும் அந்த நொடியில் ஓவர்லோட் ஆகி மொத்தமும் இருண்டுவிடும், பழி சாஃப்ட்வேர் மேல் விழும். குறைந்தது 1500 விஏ, ப்யூர் சைன் வேவ் (மெயின் கரண்ட் போலவே சீரான அலை தரும்) யுபிஎஸ் வாங்குங்கள். மல்டிமீட்டரால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் அளந்து, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் பார்த்தும் கோவைக்கே அனுப்பும்படி ஆனால், கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் வையுங்கள். கேபினட்டை மதர்போர்டு கிடைமட்டமாக இருக்கும்படி படுக்க வைத்து அனுப்புங்கள். ஈவென்ட் வியூவர் பதிவைச் சேமித்து, எதை மாற்றியபோது என்ன நடந்தது என்ற குறிப்போடு பென்டிரைவில் போட்டுக் கூடவே கொடுங்கள். அது இல்லாவிட்டால் அங்கேயும் முதலில் ஃபார்மட்தான் அடிப்பார்கள்.