பால் கழிவும் பாதாளச் சாக்கடையும்

மதுரையில் ஜிகர்தண்டாவுக்குப் பால் சுண்டக் காய்ச்சும் கூடமோ பன்னீர் (பாலாடைக்கட்டி) பட்டறையோ, கழிவுநீரைப் பாதாளச் சாக்கடையில் விட வீட்டு இணைப்பு ரசீது போதாது. 1974 நீர்ச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். தொடங்க ஒன்று, இயக்க ஒன்று.

சாக்கடைக்கான பொது வரம்பில் பிஎச் (அமில-கார அளவு) 5.5 முதல் 9. லிட்டருக்கு பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜன்) 350, எண்ணெய்-கொழுப்பு 20 மில்லிகிராம். பாலின் பிஓடியோ ஒரு லட்சத்தைத் தொடும். ஒரு லிட்டர் பால் கொட்டினால் முந்நூறு லிட்டர் தண்ணீர் கெட்டது என்று வையுங்கள். அதனால் தரையில் சிந்தியதை முதலில் வழித்து வாளியில் எடுங்கள், அப்புறம் ஹோஸ் பைப். பன்னீர் பிழிந்த தண்ணியைத் தனியே பிடித்து மாட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

கொழுப்பைப் பிரித்து நிறுத்தும் தொட்டி இருந்தும் அடைப்பா? அண்டா கழுவிய வெந்நீர் நேராக வந்திருக்கும். உருகிய நெய் தொட்டியைத் தாண்டிப் போய், தெருக் குழாயில் ஆறி உறைகிறது. முதலில் ஆறவிடுங்கள்.

பாத்திரம் கழுவிய காஸ்டிக் (காரம்) தண்ணியையும் ஆசிட் தண்ணியையும் சமன்தொட்டியில் (கழிவுநீரைச் சேர்த்துக் கலக்கும் தொட்டி) சேர்த்தால் ஒன்றையொன்று முறிக்கும். கழுவிய தண்ணியாகவே சேருங்கள், கேனிலிருந்து கெட்டியாக ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

சோதனைக்குக் கழிவுநீர் எடுக்கும் மாதிரிக் குழி, கழிப்பறைக் குழாய் வந்து சேரும் இடத்துக்கு முன்னால் இருக்கட்டும்.