குட்டைச் சுவரும் என் ஸ்டூடியோ பிராஜெக்ட்டும்

மூன்றாம் ஆண்டு ஆர்க்கிடெக்சர் ஸ்டூடியோவில், அதாவது டிசைன் வகுப்பில், எங்களுக்குக் கொடுத்த இடம், கேண்டீனுக்கும் நூலகத்துக்கும் நடுவே சும்மா கிடந்த காலி மனை. மாணவர்கள் கூடிப் பழக ஒரு கட்டடம் வேண்டும். பத்து வாரம் அவகாசம். நான் முதல் வாரமே பிளானை முடித்துவிட்டேன். நட்டநடுவில் அரைவட்டமாக ஒரு ஓஏடி, அதாவது திறந்தவெளி அரங்கம். ஆர்க்கிடெக்சர் படிக்கிறவர்களுக்கு அது ஒரு வியாதி. எந்த மனையைக் கொடுத்தாலும் ஒன்றைப் போட்டுவிடுவோம்.

ரிவ்யூவில் மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மத்தியானம் மூணு மணிக்கு இதுல யாருப்பா உக்காருவா?" என் படிகள் எல்லாம் மேற்கே பார்த்திருந்தன.

அப்புறம் மூன்று நாள் நோட்டும் கையுமாக அங்கேயே கிடந்தேன். அரை மணிக்கு ஒருமுறை, யார் எங்கே இருக்கிறார்களோ அங்கே பிளானில் ஒரு புள்ளி. கல்லூரி போட்டுக்கொடுத்த சிமெண்ட் பெஞ்சுகளில் புள்ளியே விழவில்லை. எல்லாம் பைக் ஸ்டாண்டை ஒட்டிய குட்டைச் சுவரில். டேப் வைத்து அளந்தேன்: உயரம் 45 செ.மீ., அகலம் 30. இரண்டரை மணிக்கு மேல் நூலகத்தின் நிழல் அதன்மேல் விழுகிறது. ஒருத்தி தரையில் உட்கார்ந்து அதையே மேசையாக்கி ரெக்கார்டு நோட்டு எழுதினாள். மேல்பூச்சு முழுக்க டீ கிளாஸ் வட்டங்கள். டேப்பில் சிக்காத காரணமும் உண்டு: அங்கிருந்து பார்த்தால் பஸ் வருவதும் தெரியும், கேண்டீனில் கூட்டம் குறைவதும் தெரியும்.

பெங்களூரு ஐஐஎம்மை ஸ்டடி டூரில் பார்த்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதை வடிவமைத்த ஆர்க்கிடெக்ட் பி.வி. தோஷி அங்கே கல் சுவர்களுக்கு நடுவே நீள நீளமான நடைபாதைகளை விட்டிருப்பார். சில இடங்களில் மேலே கூரை, சில இடங்களில் வெறும் வானம். நான் தூண்களைத்தான் போட்டோ எடுத்துத் தள்ளினேன். யார் எங்கே நின்று பேசுகிறார்கள் என்று பார்க்கவே இல்லை.

ஓஏடியை அழித்தேன். சுவரை அப்படியே விட்டு, கட்டடத்தை இரண்டாகப் பிரித்து, நடுவே 3.6 மீட்டர் அகலப் பாதை, அதன் ஓரமெல்லாம் திண்ணை. ஏரியா கணக்கில் மாட்டிக்கொண்டேன். பாதை முழுவதும் 'சர்க்குலேஷன்', அதாவது வெறுமனே நடந்துபோகும் இடம், என்ற கணக்கில் போய், மொத்தத்தில் பாதியைத் தொட்டுவிட்டது. உட்காரும் இடத்தை எப்படி நடக்கும் இடமாக எண்ணுவது என்று ஒரு மணி நேரம் வாதாடிப் பார்த்தேன். சரி, மார்க் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்க் போடும் கடைசி ரிவ்யூவான ஜூரிக்கு முந்தைய நாள் மாடலைத் தூக்கிக்கொண்டு டீ குடிக்கப் போனேன். கேண்டீன் அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "கிளாஸ் கழுவுற இடம் எங்க தம்பி?" என்றார். மூன்று நாளும் அவர் என் கண்ணெதிரேதான் கழுவிக்கொண்டிருந்தார். என் நோட்டில் அவருக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

பிரிண்ட் எடுத்த ஷீட்டிலேயே பேனாவால் ஒரு தொட்டி வரைந்தேன்.