இரும்பு முதலில் திரும்பியது

காந்தவியலில் நான் படித்த ஆய்வுக் கட்டுரைகளுள், 2011ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஒன்றின் வரைபடத்தை இன்றும் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன். அதில் இரண்டு வளைகோடுகள் உள்ளன. ஒன்று இரும்பின் காந்தத்தன்மையையும் மற்றொன்று காடோலினியத்தின் காந்தத்தன்மையையும் காட்டுகின்றன. காடோலினியம், இரும்பு, கோபால்ட் ஆகியவை கலந்த மெல்லிய உலோகப் படலம் ஒன்றில் இவ்விரு தனிமங்களின் அணுக்களும் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. அவற்றின் காந்தத் திசைகள் ஒன்றுக்கொன்று எதிராகப் பிணைக்கப்பட்டிருக்கின்றன. லேசர் துடிப்பு ஒன்று படலத்தின் மீது பட்டதும் இரண்டும் சேர்ந்தே தளரும், சேர்ந்தே திரும்பும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் இரும்பின் கோடு ஏறத்தாழ 300 ஃபெம்டோ விநாடியில் சுழியைக் கடந்து மறுபக்கம் போய்விடுகிறது. காடோலினியத்தின் கோடு சுழியை எட்ட ஏறத்தாழ 1.5 பிக்கோ விநாடி (ஒரு பிக்கோ விநாடி என்பது ஆயிரம் ஃபெம்டோ விநாடி), அதாவது ஐந்து மடங்கு நேரம் பிடிக்கிறது. இடைப்பட்ட அந்தச் சிறு பொழுதில், எதிரெதிராக நிற்க வேண்டிய இரண்டும் ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றன.

ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மேலும் பத்து லட்சமாகப் பகுத்தால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ விநாடி. அந்த நேரத்தில் ஒளிகூட 0.3 மைக்ரோமீட்டர் தொலைவுதான் போகும். இவ்வளவு சிறிய கால அளவில், ஒரே கலவைக்குள் இருக்கும் இரண்டு தனிமங்களைத் தனித்தனியே கேள்வி கேட்டுப் பதில் பெற முடிந்ததே என்பதுதான் என்னை அந்த வரைபடத்திடம் திரும்பத் திரும்ப இழுக்கிறது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியை மட்டும் கொண்டு அளந்திருந்தால், இரண்டு தனிமங்களின் பதிலும் கலந்தே நமக்குக் கிடைத்திருக்கும். தனிமங்களை இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் கேட்க வல்லது எக்ஸ் கதிர்.

ஒவ்வொரு தனிமத்தின் உட்கூட்டு எலக்ட்ரான்களும், அதாவது அணுக்கருவுக்கு நெருக்கமான எலக்ட்ரான்களும், தமக்கே உரிய ஆற்றலில் பிணைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைக் காந்தத்தன்மைக்குப் பொறுப்பான 3டி மட்டத்தின் காலியிடங்களுக்கு உயர்த்த, இரும்புக்கு ஏறத்தாழ 707 எலக்ட்ரான் வோல்ட்டும் கோபால்ட்டுக்கு 778உம் நிக்கலுக்கு 853உம் தேவைப்படுகின்றன. எக்ஸ் கதிரின் ஆற்றலை இவற்றில் ஒன்றுக்குச் சரியாகப் பொருத்திவிட்டால் அந்தத் தனிமம் கதிரை மிகுதியாக உட்கவர்கிறது. மற்றவை பெரும்பாலும் பின்னணியாக ஒதுங்கிவிடுகின்றன. அடுத்து, அந்தக் கதிர் வட்டத் தளவிளைவு கொண்டதாக, அதாவது அதன் மின்புலம் இடமாகவோ வலமாகவோ சுழன்றபடி முன்னேறுவதாக இருக்க வேண்டும். அத்தகைய ஒளித்துகள் தன்னுடன் கோண உந்தத்தை, அதாவது சுழற்சிக்குரிய உந்தத்தைச் சுமந்து வருகிறது. உட்கவரப்படும்போது அதை உட்கூட்டு எலக்ட்ரானிடம் ஒப்படைக்கிறது. உட்கூட்டில் எலக்ட்ரானின் தற்சுழற்சியும் ('ஸ்பின்') சுற்றுப்பாதை இயக்கமும் வலுவாகப் பிணைந்திருப்பதால், கிளம்பும் எலக்ட்ரான்களில் ஒரு தற்சுழற்சித் திசை சற்றே மிகுந்திருக்கும். காந்தப் பொருளிலோ மேல்நோக்கிய தற்சுழற்சிக்கும் கீழ்நோக்கிய தற்சுழற்சிக்கும் காலியிடங்கள் சமமாக இல்லை. ஆகவே காந்தத்தின் திசையை மாற்றினால் உட்கவர்தலின் அளவும் மாறுகிறது. அந்த வேறுபாடுதான் நமக்கு வேண்டிய செய்தி.

இந்த விளைவை 1987இல் கிஸேலா ஷூட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் இரும்பில் முதன்முதலாக அளந்து காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்தியது மிக உள்ளே இருக்கும் 1எஸ் மட்டம். அதற்குச் சுற்றுப்பாதைக் கோண உந்தம் இல்லாததால் விளைவு மிகச் சிறியதாகவே இருந்தது. 1990இல் நிக்கலின் 2பி மட்டத்தில் அதே அளவீட்டைச் செய்தபோதுதான் இதன் முழு வலிமையும் தெரியவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கோட்பாட்டாளர்கள் கூட்டல் விதிகளையும் வகுத்துக் கொடுத்தார்கள். அதன்பின், உட்கவர்தல் நிறமாலையின் இரண்டு முகடுகளுக்குக் கீழுள்ள பரப்பைக் கணக்கிட்டே, அணுவின் காந்த வலிமையைக் குறிக்கும் காந்தத் திருப்புத்திறனில் தற்சுழற்சியின் பங்கு எவ்வளவு, சுற்றுப்பாதையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. வேறு எந்த முறையும் இவ்வளவு நேரடியாக இதைத் தருவதில்லை என்பது என் எண்ணம்.

இந்த ஆற்றலில் வரும் எக்ஸ் கதிர் மிக மென்மையானது. ஒரு மீட்டர் காற்றைக்கூட அதனால் கடக்க முடியாது. அதனால் கதிரின் பாதை முழுவதும் வெற்றிடமாக இருக்க வேண்டும். மாதிரியையும் கண்ணாடித் தகட்டின் மேல் வைக்க இயலாது. சிலிக்கன் நைட்ரைடால் ஆன, 200 நானோமீட்டர் தடிமன்கூட இல்லாத சவ்வின் மீது உலோகப் படலத்தைப் படியவைக்கிறோம். அந்தச் சவ்வை முதன்முறை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தபோது, சோப்புக் குமிழியின் நிறங்கள் அதில் ஓடுவதைக் கண்டு மூச்சை அடக்கிக்கொண்டேன். உண்மையிலேயே அடக்கத்தான் வேண்டும். இடுக்கியின் முனை சற்றே உரசினாலும் சவ்வு இருந்த இடத்தில் வெற்றுச் சட்டம்தான் மிஞ்சும்.

நேரத்தைப் பிடிப்பதுதான் இதைவிடக் கடினமான வேலை. எலக்ட்ரான்களை மிகு வேகத்தில் சுற்றவிட்டு எக்ஸ் கதிர் பெறும் சிங்க்ரோட்ரான் வளையத்தில் சுற்றும் எலக்ட்ரான் கொத்து வெளியிடும் எக்ஸ் கதிர்த் துடிப்பு, வழக்கமாகப் பல பத்து பிக்கோ விநாடி நீளமானது. இரும்பு திரும்பி, காடோலினியமும் திரும்பி, எல்லாம் முடிந்த பிறகும் அந்தத் துடிப்பு முடிந்திருக்காது. இதற்கு பெர்லினின் பெஸ்ஸி வளையத்தில் கையாண்ட வழி 'ஃபெம்டோ ஸ்லைசிங்' எனப்படுகிறது. எலக்ட்ரான் கொத்தினூடே மிகக் குறுகிய லேசர் துடிப்பைச் செலுத்தி, கொத்தின் மெல்லிய துண்டு ஒன்றின் ஆற்றலை மட்டும் மாற்றுகிறார்கள். அந்தத் துண்டு வெளியிடும் ஒளியைத் தனியே பிரித்தெடுத்தால் ஏறத்தாழ 100 ஃபெம்டோ விநாடி நீளமுள்ள துடிப்பு கிடைக்கிறது. கொத்தின் சில நூறில் ஒரு பங்கு மட்டுமே ஒளி தருவதால், கிடைக்கும் ஒளித்துகள்கள் மிகச் சொற்பம். நான் முதலில் சொன்ன வளைகோடுகள் இப்படிச் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்த ஒளியில்தான் வரையப்பட்டன. அந்தப் பொறுமையின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு.

2009இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில், அணுக்களில் பிணைக்கப்படாத எலக்ட்ரான்களைக் கொண்டு மிகக் குறுகிய, வலிமையான எக்ஸ் கதிர்த் துடிப்புகளைத் தரும் கட்டற்ற எலக்ட்ரான் லேசர் இயங்கத் தொடங்கியபின் நிலைமை மாறியது. 2017இல் ஹாம்பர்க் அருகே செயல்படத் தொடங்கிய ஐரோப்பிய எக்ஸ் கதிர் லேசர் 3.4 கிலோமீட்டர் நீளம் கொண்டது. விநாடிக்கு 27,000 துடிப்புகள் வரை தரவல்லது. ஒளிப் பஞ்சம் தீர்ந்தது என்றாலும் புதிய கவலைகள் வந்து சேர்ந்தன. இத்தகைய லேசர்களில் ஒளி பெரும்பாலும் இரைச்சலிலிருந்தே வளர்வதால் ஒரு துடிப்பைப் போல் மறு துடிப்பு இருப்பதில்லை. ஒவ்வொன்றின் வலிமையையும் தனித்தனியே அளந்து வகுத்தாக வேண்டும். அதற்கும் மேலாக, காந்தத்தைப் பார்க்க வந்த துடிப்பே அதைக் கலைத்துவிடும் அளவுக்கு வலிமை வாய்ந்ததாக இருக்கலாம்.

காந்தப் பொருளுக்குள் என்ன நடக்கிறது என்பதோடு எங்கே நடக்கிறது என்பதையும் எக்ஸ் கதிர் காட்டும். 778 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள கதிரின் அலைநீளம் ஏறத்தாழ 1.6 நானோமீட்டர்தான். 2004இல் பெஸ்ஸியில் கோபால்ட், பிளாட்டினம் அடுக்குப் படலம் ஒன்றை லென்ஸ் எதுவும் இல்லாமல் 50 நானோமீட்டர் நுணுக்கத்தில் படம் பிடித்தார்கள். படலத்தின் பின்புறம் தங்கத்தால் ஆன மறைப்பு இருக்கும். அதில் பார்வைக்கு ஒரு துளையும், அருகே ஒப்பீட்டுக்கு மிக நுண்ணிய துளை ஒன்றும் இருக்கும். இரண்டின் வழியாகவும் வரும் கதிர்கள் குறுக்கிட்டு, உணர்கருவியில் ஹோலோகிராமாகப் பதிகின்றன. அந்தப் பதிவில் புள்ளிகளும் வரிகளும் அன்றி வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது. இடம், வலம் என இரு தளவிளைவுகளில் எடுத்த பதிவுகளைக் கழித்து ஃபூரியே உருமாற்றம் என்ற கணித முறையைச் செலுத்தியவுடன், ஒரே காந்தத் திசை கொண்ட பகுதிகளான காந்த டொமைன்கள் கருப்பும் வெள்ளையுமாக நெளிந்து நெளிந்து தெளிவாக எழுகின்றன. இந்தக் கணக்கை நானே கணினியில் ஓட்டி, திரையில் அந்த நெளிவுகள் தோன்றிய கணத்தை மறக்க மாட்டேன்.

இத்துறையின் பழைய கேள்வி ஒன்று இன்னும் என்னை விடவில்லை. 1996இல் பிரான்சின் ஸ்டிராஸ்பூர்க்கில், 60 ஃபெம்டோ விநாடி லேசர் துடிப்பால் நிக்கல் படலத்தின் காந்தத்தன்மை ஒரு பிக்கோ விநாடிக்குள் பெருமளவு குறைவதைக் கண்டார்கள். காந்தத்தன்மை என்பது அடிப்படையில் கோண உந்தம். அது அழியாது, இடம் மாறத்தான் முடியும். அப்படியானால் அவ்வளவு விரைவில் அது எங்கே போனது? எலக்ட்ரான்களின் சுற்றுப்பாதை இயக்கத்தில் போய்த் தங்கியிருந்தால் கூட்டல் விதிகள் காட்டிக் கொடுத்திருக்கும். நிக்கலில் 2007இல் எக்ஸ் கதிரைக் கொண்டு பார்த்தபோது சுற்றுப்பாதையில் அப்படி எந்தப் பெருக்கமும் தென்படவில்லை. எஞ்சியது அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும் படிக அணிக்கோவை மட்டுமே.

அதை நேரடியாகக் காட்டியது 2019இல் வெளியான இரும்புப் படல ஆய்வு. காந்தத்தன்மை திடீரென மாறினால் தொங்கவிடப்பட்ட இரும்புத் தண்டு சுழலும் என்று 1915இல் ஐன்ஸ்டீனும் டி ஹாஸும் காட்டினார்கள் அல்லவா, அதே விளைவை ஃபெம்டோ விநாடிகளில் தேடினார்கள். காந்தம் சரியும்போது படலத்தின் ஒவ்வொரு பகுதியும் முறுக்கு விசையை உணர்கிறது. உட்புறத்தில் அண்டைப் பகுதிகளின் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன, மேற்பரப்பில் ஈடுசெய்ய எதுவும் இல்லை. ஆகவே அங்கிருந்து அணுக்கள் பக்கவாட்டில் அசையும் சிற்றலை ஒன்று உள்நோக்கிக் கிளம்புகிறது. ஸ்டான்ஃபோர்டின் எக்ஸ் கதிர்த் துடிப்புகள் அணு அடுக்குகளில் பட்டுச் சிதறும் விளிம்பு விளைவைப் பதிவு செய்து, அந்தச் சிற்றலையை அளந்தார்கள். தற்சுழற்சி இழந்த கோண உந்தத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு, ஒரு பிக்கோ விநாடிக்கும் குறைவான நேரத்தில், இரும்பு அணுக்களின் அசைவில் போய்ச் சேர்ந்திருந்தது.