மூன்றாம் சரணம்

எங்கள் விடுதி மாஸ்டர் காலமான செய்தி சென்ற மாதம் லண்டனுக்கு வந்தபோது, பழைய மாணவர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் எல்லோரும் அவருடைய பிரம்பைப் பற்றியே எழுதினார்கள். எனக்கு நினைவில் வந்ததோ ஞாயிறு மாலைச் செபமும் ‘என்னோடிரும், மா நேச கர்த்தரே’ என்ற பாட்டும்.

சைவ வீட்டுப் பிள்ளையான எனக்கு அது சாப்பாட்டு மணிக்கு முன் முடியவேண்டிய பாட்டு, அவ்வளவுதான். முதற் சரணத்தை உரக்கப் பாடிவிட்டு, மிகுதிக்கு வாயை மட்டும் அசைப்பேன். ஒருநாள் மாஸ்டர் ஓகனை நிறுத்தி, மூன்றாம் சரணத்தைத் தனியே பாடச் சொன்னார். முழு விடுதியும் பார்த்திருக்க, நான் சொல்லில்லாமல் மெட்டை மட்டும் முனகினேன். அவர் அடிக்கவில்லை. “சாகப்போற மனிசன் எழுதின பாட்டடா தம்பி, அரைவாசியில விட்டுட்டுச் சோத்துக்கு ஓடாதை” என்றார். அன்று புட்டு தொண்டைக்குள் இறங்கவில்லை.

அந்த மனிதர், இந்தப் பாட்டின் ஆங்கில மூலமான ‘Abide with Me’ஐ எழுதிய ஹென்றி பிரான்சிஸ் லைட். இங்கிலாந்தின் பிரிக்ஸம் என்னும் மீன்பிடித் துறைமுகத்தில் போதகராயிருந்து, காசநோய் முற்றிய நிலையில் இன்று பிரான்சிலுள்ள நீஸ் நகருக்குப் போய், 1847 நவம்பர் 20ஆம் திகதி, 54 வயதில் இறந்தவர். பாட்டை அந்தக் கடைசி மாதங்களில்தான் எழுதினாரா, முன்பே எழுதிவிட்டாரா என்பதில் இன்றும் வழக்கு உண்டு. மாஸ்டர் அந்த வழக்கைக் காதில் போட்டிருக்கமாட்டார். பைபிளில், எம்மாவு என்ற ஊருக்குப் போகும் வழியில் சீடர்கள் “நீர் எங்களுடனே தங்கியிரும்” என்று இயேசுவை வருந்திக் கேட்டதே அதன் வித்து. நாம் பாடிய மெட்டை வில்லியம் ஹென்றி மொங்க் 1861இல் அமைத்தார்.

லண்டனுக்கு வந்த பிறகுதான், பாட்டை அரைவாசியில் விடுவது என்னோடு பிறந்த பழக்கமல்ல என்று கண்டேன். லைட் எழுதியவை எட்டுச் சரணங்கள். பாட்டுப் புத்தகங்களில் பெரும்பாலும் ஐந்துதான் உள்ளன. 1927 முதல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ண உதைபந்தாட்ட இறுதியாட்டத்துக்கு முன் பாடப்படுவது முதலும் கடைசியும் மட்டுமே. பழைய இசைத்தட்டில் பாடகி கிளாரா பட் பாடியது லிடில் என்பவரின் வேறு மெட்டு. 1957இல் ஜாஸ் கலைஞர் தெலோனியஸ் மொங்க், தன் பெயர்கொண்ட அந்தப் பழைய மொங்கின் மெட்டை, பியானோவே இல்லாமல், நான்கு ஊதுகருவிகளை மட்டும் வைத்து ஒரு நிமிடத்துக்குள் பதிவு செய்தார். ஒரு சொல்கூட இல்லாத அந்தப் பதிவுதான் எனக்கு மிகவும் பிடித்தது. காரணத்தை நீங்கள் ஊகிக்கலாம்.

மாஸ்டரின் இறுதி வழிபாட்டைக் குசினியில் நின்று நேரலையில் பார்த்தேன். அங்கும் இரண்டு சரணங்களோடு நிறுத்திவிட்டார்கள். கோபம் வந்தது; பத்தொன்பது வயதில் விமானமேறி, அவருக்கு ஒரு கடிதம்கூட எழுதாதவன் யாரைக் கோபிப்பது? கைபேசியை அணைத்துவிட்டு மிகுதியை நானே பாடத் தொடங்கினேன். மூன்றாம் சரணத்தில் சொல் வரவில்லை. மெட்டை மட்டும் முனகினேன்.