வெளியே போயிருக்கிறார்

"வெளியே போயிருக்கிறார்" என்று சொன்னேன். எதிரில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு மடிக்கணினியில் ஏதோ தட்டிக்கொண்டார். 2018 மார்ச், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி தாண்டியிருக்கும். அந்த வேலையை விட்டு, ஊர் மாறி, வேறு கம்பெனியில் கணக்குப் பார்க்க ஆரம்பித்தும் பல வருடம் ஆகிவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இன்னும் திருப்பித் திருப்பி எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதில் பொய் இல்லை. எங்கள் கட்டட கம்பெனியின் தலைவர் அப்போது நிஜமாகவே வெளியேதான் இருந்தார். பக்கத்து கவுன்ட்டியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது அவர் வேலை. காலை டிரிப் முடிந்து டெப்போவில் காபி குடித்துக்கொண்டிருந்திருப்பார். வாரத்தில் ஐந்து நாளும் அவருக்கு அங்கேதான் வேலை. எங்கள் ஆபீசுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவார். வந்தால் கையெழுத்துப் போடுவார்.

அந்த அம்மா முன்னாள் படைவீரர் நலத்துறையின் சார்பில் சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு வந்தவர். ராணுவத்தில் இருந்து உடம்பு பாதிக்கப்பட்டவர்கள் நடத்தும் சிறு நிறுவனங்களுக்கு அமெரிக்க அரசு ஒப்பந்தங்களில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்று 1999-இல் சட்டம் வந்தது. அப்போது இலக்கு 3 சதவீதம், இப்போது 5. கம்பெனியில் குறைந்தது 51 சதவீதம் அந்த முன்னாள் வீரருடையதாக இருக்க வேண்டும். அது மட்டும் போதாது. தினசரி நிர்வாகமும் அவர் கையில் இருக்க வேண்டும், மிக உயர்ந்த பதவியில் அவர்தான் இருக்க வேண்டும். ஆகவே சிலர் முன்னாள் வீரர் ஒருவரின் பெயரை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். 'ரென்ட்-எ-வெட்' என்று இதற்கு இங்கே பெயரே இருக்கிறது. நம் ஊரில் பினாமி என்றால் சட்டென்று புரியும்.

நான் சேர்ந்தபோது எனக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்ல ஆசைதான். முதல் மாதமே தெரிந்துவிட்டது, கணக்குப் பார்ப்பவனுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? சம்பளப் பட்டியலில் தலைவருக்குத்தான் அதிகத் தொகை. 49 சதவீதம் வைத்திருந்த மேலாளருக்கு அதைவிடக் குறைவு. ஆனால் மாதக் கடைசியில் மேலாளரின் பழைய கம்பெனிக்கு 'இயந்திர வாடகை' என்று ஒரு பெரிய தொகை போகும். எந்த இயந்திரமும் வந்ததில்லை. அந்தப் பதிவை என் கையால்தான் போட்டேன், மாதா மாதம்.

தலைவருக்கு ஒரு அறை இருந்தது. கதவில் பெயர்ப் பலகை, சுவரில் 1991 வளைகுடாப் போர்க் காலத்துப் படம் ஒன்று, மேசையில் கம்ப்யூட்டர். கீபோர்டின் மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அந்த மேசையில் வெறும் காசோலைகளை அடுக்கி வைப்பேன். முப்பது, நாற்பது இருக்கும். தொகையும் பெயரும் அப்புறம் நான் அச்சடித்துக்கொள்வேன். அவருக்கு வலது கை விரல்கள் சீக்கிரம் மரத்துப்போகும். பத்துக் கையெழுத்துக்கு ஒரு தரம் பேனாவை வைத்துவிட்டுக் கையை உதறிக்கொள்வார். ஒருநாள் அப்படி உதறிக்கொண்டே கேட்டார்: "நம்ம கம்பெனியில் மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?"

"இருபத்து மூன்று பேர் சார்."

"நல்லது" என்றார். மறுபடியும் பேனாவை எடுத்துக்கொண்டார்.

அவரை நான் ஏமாந்தவராக நினைக்கவில்லை, ஏமாற்றுக்காரராகவும் நினைக்கவில்லை. மாதம் கையில் வந்த பணத்தில் மகளைக் கல்லூரியில் படிக்க வைத்தார். ஒரு காலத்தில் சொந்தமாகவே கம்பெனி ஆரம்பித்துப் பார்த்தவர் அவர். அரசுக் கட்டட வேலைக்கு, ஒரு தொகைக்கு மேல் போனால், வேலையை முடிக்காவிட்டால் நஷ்டத்தை ஈடுகட்டுவதற்கான உத்தரவாதப் பத்திரம் கட்ட வேண்டும். பத்திரம் கொடுக்கிற கம்பெனி முன் அனுபவம் கேட்கும், மூலதனம் கேட்கும். பட்டாளத்திலிருந்து திரும்பி பஸ் ஓட்டுகிறவரிடம் அது இரண்டும் ஏது? மேலாளரின் சொத்தும் கையெழுத்தும் இருந்ததால்தான் எங்களுக்குப் பத்திரமே கிடைத்தது. அரசு கதவைத் திறந்துவிட்டு வாசற்படியை ஆளுயரத்துக்குக் கட்டி வைத்திருக்கிறது, ஏறுவதற்கு யாராவது தோள் கொடுத்தால் அது குற்றமா என்று எனக்கு நானே பல இரவு கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியில் நியாயம் கொஞ்சம் இருப்பதாக இப்போதும் நினைக்கிறேன். ஆனால் தோள் கொடுத்தவர் வீட்டையே எடுத்துக்கொண்டார் என்பதற்குக் கணக்கு என்னிடம்தான் இருந்தது.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் அப்போது எச்-1பி விசாவில் இருந்தேன். வேலை போனால் அறுபது நாள் அவகாசம், அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். கிரீன் கார்டு மனு பாதி வழியில். மனைவிக்கு அது ஏழாவது மாதம். "அவர் இங்கே வருவதே இரண்டு வாரத்துக்கு ஒரு தரம்தான் மேடம்" என்று சொல்லியிருந்தால் கம்பெனியின் இருபத்து மூன்று சம்பளமும் சிக்கலில் மாட்டியிருக்கும், என்னுடையதும் சேர்த்து. இதை நண்பர்களிடம் சொன்னால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "நீ என்ன பண்ண முடியும்?" அந்தப் பதில் கேட்க இதமாக இருக்கும், இரண்டு நாள் தாங்கும்.

மூன்றாம் நாள் அந்த இன்னொரு கம்பெனி ஞாபகத்துக்கு வரும். முன்னாள் வீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் வார்டுகளைப் புதுப்பிக்கும் வேலை, கிட்டத்தட்ட 12 லட்சம் டாலர். ஒப்பந்தப் புள்ளிகளைப் பிரித்து எல்லோர் முன்னாலும் தொகையை வாசித்தார்கள். எங்களைவிட 38,000 டாலர் அதிகமாகக் கேட்டு இரண்டாவதாக வந்தது ஒரு சின்ன கம்பெனி. அதன் முதலாளி ஆறு பேரை வைத்துத் தானே கூட நின்று வேலை செய்கிறவர், நிஜமாகவே பட்டாளத்தில் காலை உடைத்துக்கொண்டவர். இரண்டு வாரம் கழித்து அவர் எங்கள் ஆபீசுக்கு போன் செய்தார். துணை ஒப்பந்தமாகச் சுவர்ப் பலகை வேலையாவது கிடைக்குமா என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. நம்பரை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். "பார்க்கலாம்" என்றார். சீட்டு ஒரு மாதம் அவர் மேசையில் கிடந்தது. அப்புறம் குப்பையோடு போயிற்று.

திருடப்பட்டது அரசுப் பணம் என்று நினைத்தால் மனசு அவ்வளவாக உறுத்துவதில்லை. வார்டுகளை நாங்கள் நன்றாகத்தான் கட்டிக் கொடுத்தோம். அந்த போன் குரலை நினைத்தால்தான் உறுத்துகிறது. 2009-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் இப்படிப்பட்ட பத்து நிறுவனங்களை எடுத்து ஆராய்ந்தது. தகுதியில்லாத அந்தப் பத்துக்கு மட்டும் போன ஒப்பந்தங்கள் சுமார் 10 கோடி டாலர். அந்த அறிக்கையைப் படித்தபோது, ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் இரண்டாவதாக வந்த ஒருவர் இருந்திருப்பாரே, அவர் யாருக்கு போன் செய்திருப்பார் என்றுதான் யோசித்தேன்.

புகார் கொடுத்திருக்கலாம். அரசை ஏமாற்றுகிறவர்கள் மேல் தனி மனிதர் வழக்குப் போட இங்கே ஒரு சட்டம் உண்டு. 1863-இல், உள்நாட்டுப் போர் சமயத்தில், படைக்கு மட்டமான சரக்கை விற்ற வியாபாரிகளைப் பிடிக்க வந்தது. வழக்கு ஜெயித்தால் மீட்ட பணத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை புகார் கொடுத்தவருக்குக் கிடைக்கும். ஒரு நண்பர் இதைச் சொன்ன நாளிலிருந்து எனக்குப் புகார் கொடுக்கவே கை வரவில்லை. நியாயத்துக்காகப் போகிறேனா, பங்குக்காகப் போகிறேனா என்று என்னாலேயே பிரிக்க முடியவில்லை. இது ஒரு சாக்காகவும் இருக்கலாம். ஏனென்றால் அதே சட்டத்தில் ஆறு ஆண்டுக் கெடு என்பதையும் படித்து வைத்திருந்தேன். 2024 மார்ச் கடந்தபோது நெஞ்சில் ஏதோ இறங்கினது போல இருந்தது. அது நிம்மதி. சில வழக்குகளில் பத்து ஆண்டு வரை போகலாம் என்று பிறகுதான் படித்தேன்.

இப்போதெல்லாம் விதி மாறிவிட்டது. 2023 ஜனவரியிலிருந்து இந்தக் கம்பெனிகளைச் சோதித்துத் தகுதிச் சான்றிதழ் கொடுக்கும் பொறுப்பு சிறுதொழில் நிர்வாகத் துறைக்குப் போய்விட்டது. யார் போனாலும் என்ன, நேரில் வந்து கேட்கிறவருக்கு பதில் சொல்ல ஆபீசில் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்திருப்பான்.

இவ்வளவு நாளும் இந்தக் கதையை அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கிறேன். மனைவியிடம் சொன்னதும் அதுவரைதான். அதற்கு மேலும் இருக்கிறது.

அந்த அம்மாவை உட்கார வைத்துவிட்டு மேலாளருக்குத் தகவல் அனுப்பினேன். அவர் தலைவரைக் கூப்பிட்டார். பதினொன்றரைக்குத் தலைவர் பின்வாசலில் வந்து நின்றார். ஓடி வந்திருப்பார் போல, மூச்சு வாங்கியது. கதவைத் திறந்தவன் நான். பஸ் கம்பெனி ஜாக்கெட்டைப் போட்டிருந்தார். கருநீலம், நெஞ்சில் மஞ்சள் எழுத்தில் கம்பெனிப் பெயர், கீழே 'ஓட்டுநர்'. அவருக்கு அது தோன்றவே இல்லை. நான்தான் சொன்னேன்: "சார், ஜாக்கெட்."

யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. மேலாளர் ஊரிலேயே இல்லை. விசாவோ, ஏழாவது மாதமோ அந்த நிமிடம் என் நினைவில் இருந்ததா என்றால், இல்லை. ஒரு வேலையைச் சரியாக முடிக்கிறவன் சொல்வது போல, சட்டென்று வாயில் வந்தது.

அவர் குனிந்து நெஞ்சைப் பார்த்துக்கொண்டார். கழற்றி என் கையில் கொடுத்தார். என் நாற்காலியின் முதுகில் எழுத்து உள்பக்கம் இருக்கும்படி மாட்டி வைத்தேன். பாக்கெட்டில் சாவிக்கொத்து கனத்தது. அறைக்குள்ளிருந்து "ஆமாம் மேடம்", "இல்லை மேடம்" என்று பட்டாளத்துக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒன்றே கால் மணிக்கு அந்த அம்மா எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் சான்றிதழ் வந்தது.

அன்று அந்த அம்மாவின் கார் தெருவைத் தாண்டுவதற்குள் தலைவர் என் மேசைக்கு வந்துவிட்டார். நாற்காலியிலிருந்து ஜாக்கெட்டை உருவினார். மரத்துப்போன விரல்களுக்கு ஜிப் அகப்படவில்லை. நான் எழுந்து போட்டுவிட்டேன்.

"இரண்டு மணி டிரிப்" என்றார். "பிள்ளைகள் வாசலில் நின்றுகொண்டிருக்கும்."