கொல்லைப் பரங்கி

ஜூலை 20
அம்மாவின் டப்பாவில் 7 பரங்கி விதைகள்தான் மிச்சம். ஊறவைத்து ஊன்றியாச்சு. ஆடி தாண்டினால் பிரயோஜனமில்லை.

ஜூலை 26
4 முளைத்திருக்கின்றன. அம்மாவிடம் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே தலையாட்டினாள்.

ஆகஸ்ட் 2
வித்திலையெல்லாம் சல்லடை. செம்மஞ்சள் வண்டு. கிட்டே போனாலே பறந்துவிடுகிறது. 2 கன்று போச்சு. அழுகை வந்தது.

ஆகஸ்ட் 3
வெயில் ஏறுவதற்கு முன்னால் வண்டு மந்தமாக இருக்கும் என்பாள் அம்மா. ஐந்தரைக்கே போனேன். 19 பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட்டேன். இலையில் தண்ணீர் தெளித்து விறகுச் சாம்பல் தூவினேன். இதன் புழு மண்ணுக்குள் இருந்து வேரைத் தின்னுமாம். தூரைச் சுற்றிக் கொத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 4
11.

ஆகஸ்ட் 9
4. அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

ஆகஸ்ட் 31
முதல் பூ. ஆண் பூ. “காய் பிடிச்சுதாடி?” என்கிறாள். இன்றைக்கு மட்டும் மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

செப்டம்பர் 9
பெண் பூ! அடியில் குட்டிக் காயோடு. தேனீ ஒன்றையும் காணோம். ஏழு மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, மகரந்தத்தைத் தடவினேன். கை நடுங்கியது.

செப்டம்பர் 15
எலுமிச்சை அளவுக்கு வந்த பிஞ்சு மஞ்சளாகிவிட்டது. தோலில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, அதில் பிசின். பிளந்தால் உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. பழ ஈ. வண்டையே பார்த்துக்கொண்டிருந்து இதை விட்டுவிட்டேன். எரு மேட்டில் போட்டால் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகி வரும். பாலித்தீன் பையில் கட்டி மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். அம்மா கேட்டபோது, “இன்னும் பூவாத்தான் இருக்கும்மா” என்றேன். பொய் சொன்னது ராத்திரி வரை உறுத்தியது.

செப்டம்பர் 16
பாட்டிலில் ஓட்டை போட்டு, கருவாட்டுத் தூளை நனைத்து உள்ளே வைத்துப் பந்தல் காலில் கட்டியிருக்கிறேன். நாற்றம் வாசல் வரை. சாயங்காலம் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசலோடு. காலையில் அடித்தால் தேனீக்குக் கெடுதல்.

செப்டம்பர் 18
இன்னொரு பெண் பூ. தடவிவிட்டேன்.

செப்டம்பர் 20
பிஞ்சு நிற்கிறது. அம்மாவின் பழைய வாயில் புடவையைக் கிழித்து, பை தைத்து மூடினேன். அந்தப் புடவையைக் கிழிக்க மனசே வரவில்லை.

செப்டம்பர் 23
பை இறுக்கமாகிவிட்டது. பெரிதாகத் தைக்கணும். பாட்டிலில் 6 ஈ.

செப்டம்பர் 24
நாளைக்கு ஆறரைக்கு வண்டி வரும். பை, ரிப்போர்ட், பிளாஸ்க் எடுத்து வைத்தாச்சு. அதற்கு முன்னால் ஐந்தரைக்கு அம்மாவை நாற்காலியோடு கொல்லைக்குக் கொண்டுபோய்,